சூளகிரியைத் தாண்டாத குளிர்

ஓசூர்,
வைகாசி 19, செவ்வாய்க்கிழமை

மதிப்பிற்குரிய சம்பந்தி, பாரூர் திரு. நாராயணப்பன் அவர்களுக்கு,

போதுமான அளவுக்கு வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டேன். இன்றோடு ஒன்பது நாள். இனிமேலும் பேசாமல் இருந்தால் அது பெருந்தன்மை ஆகாது, ஒப்புதல் ஆகிவிடும். எனவே எழுதுகிறேன். தாங்களும், தங்கள் துணைவியார் வெங்கடம்மாளும், மாப்பிள்ளை ராஜ்குமாரும், மாந்தோப்பும், கறவை மாடுகள் இரண்டும் நலமாக இருக்க வேண்டும் என்று முறைப்படி விரும்புகிறேன். இங்கே நானும் காளியம்மாளும் இருக்கிறோம். நலமாக என்று சேர்த்து எழுதினால் பொய் எழுதிய பாவம் வரும்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நான் பேசும்போதெல்லாம் நீங்கள் போனை ஸ்பீக்கரில் போட்டுக் கட்டிலின் நடுவில் வைத்துவிடுகிறீர்கள். நான் பாதி சொல்வதற்குள் பின்னாலிருந்து யாரோ சிரிக்கிறார்கள். கடைசியாகப் பேசியபோது சிரித்தவர் பால் கறக்க வந்தவர் என்று என் மகள் வினிதா சொன்னாள். ஆகவே தபால். தபாலை ஸ்பீக்கரில் போட முடியாது.

முதலிலிருந்து வருகிறேன். வைகாசி மூன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டில் என் மகளுக்கு வளைகாப்பு. வளையல் அடுக்கி, சந்தனம் பூசி, கலந்த சாதம் பரிமாறி, பெற்றவர்கள் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப்போக வேண்டும், முதல் பிரசவம் தாய்வீட்டில் நடக்க வேண்டும் என்பது நான் கண்டுபிடித்த முறை அல்ல. உங்கள் வீட்டில் உண்டு, கோவில்பட்டிப் பக்கம் எங்கள் வீட்டிலும் உண்டு; இரண்டு வீடும் சண்டையில்லாமல் ஒத்துக்கொண்ட ஒரே விஷயம் அதுதான். அதற்காகக் கிழக்குப் பார்த்த அறையைக் காலி செய்து, வெள்ளையடித்து, கொசுவலை கட்டி வைத்திருந்தோம். பதினொரு வருடமாக என்னிடம் இருக்கிற காரைக் கழுவித் துடைத்து, பின்சீட்டில் புதுத் தலையணை ஒன்று வைத்து ஓட்டிக்கொண்டு கிளம்பினேன். ஓசூரில் ஏறியவுடன் ஏசியைப் போட்டேன். காளியம்மாள் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "கொஞ்சம் கொறைங்க, பல்லு கிட்டுது" என்றாள். சூளகிரி வரைக்கும் அவள் போர்வையை எடுக்கவில்லை. அதன் பிறகு சாலை கீழே இறங்க இறங்க ஓசூரின் காற்று எங்களைக் கைவிட்டது. குந்தாரப்பள்ளி தாண்டியதும் ஏசியும் கைவிட்டது. கிருஷ்ணகிரி மேம்பாலத்தில் ஏறியபோது உள்ளே வந்துகொண்டிருந்தது குளிர்க்காற்று அல்ல, செங்கல் சூளைக் காற்று.

நாங்கள் உங்கள் வாசலில் இறங்கிய கோலத்தை நான் மறுக்கவில்லை. என் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. காளியம்மாளின் பட்டுச்சேலை நிறம் மாறியிருந்தது. வந்தவர்களை வாங்க என்று கேட்பது உலக வழக்கம். நீங்கள் கேட்டது என்ன? "இன்னாங்க சம்பந்தி, வர்ற வழியில ஏரியில எறங்கி முங்கிட்டு வந்தீங்களா?" கூடியிருந்த நாற்பது பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு இன்னும் தாடையில் வலிக்கிறது.

அதுவும் போகட்டும். சடங்கெல்லாம் முடிந்து, இரண்டு கையிலும் வளையல் குலுங்க என் மகள் காரில் ஏறப்போகும் நேரத்தில், நீங்கள் குறுக்கே வந்து காருக்குள் தலையை நீட்டி, ஏசிக்கு நேராக உள்ளங்கையை வைத்துப் பார்த்தீர்கள். ஜுரம் பார்ப்பதுபோல் பார்த்தீர்கள்.

"அனல் அடிக்குதுங்க. ஏழு மாசப் புள்ளய இதுல எப்புடி அனுப்பறது? வழியில மயக்கம் கியக்கம் வந்தா யாரு பதில் சொல்றது? எங்க வண்டில வேணா கொண்டாந்து வுடறோம்."

"தாய்வீட்டுக்குப் பெண்ணைத் தாய்வீட்டு வண்டியில்தான் அழைத்துப்போக வேண்டும்" என்று நான் சொன்னேன். சொன்னது தப்பா?

"அப்ப ஏசிய சரி பண்ணிகினு வாங்க. புள்ள எங்க போவப் போவுது."

எங்கே போவாள் என்பதுதானே கேள்வியே. அடுத்த ஞாயிற்றுக்கிழமையோடு ஏழாம் மாதம் முடிகிறது. திங்கட்கிழமை எட்டு பிறக்கிறது. எட்டாம் மாதத்தில் பெண்ணை இடம் மாற்றமாட்டார்கள். ஒன்பதில் நீங்கள் வேறொன்று சொல்வீர்கள். ஏழு நாளுக்குள் அந்த ஏசி குளிரவில்லை என்றால் என் முதல் பேரக்குழந்தை பிறந்த சேதியை நான் போனில், அதுவும் ஸ்பீக்கரில் கேட்க வேண்டியிருக்கும். இதை யோசித்துக்கொண்டே ஓசூருக்குத் திரும்பினேன். நம்ப மாட்டீர்கள், சூளகிரி மேட்டில் ஏறியதும் ஏசி தானாகக் குளிர ஆரம்பித்தது. காளியம்மாள் மறுபடியும் போர்த்திக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை மெக்கானிக் ஆஞ்சப்பனிடம் காரை விட்டேன். அவர் அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்தார். உள்ளே உட்கார்ந்து பார்த்தார். பிறகு கண்ணாடியில் படிந்திருந்த பனியை விரலால் துடைத்து எனக்குக் காட்டினார். "சார், ஏசி பக்காவா இருக்குது சார். உங்களுக்கு மனசுலதான் சூடு." கிருஷ்ணகிரியில் வேலை செய்யவில்லை என்றேன். "அப்ப கிருஷ்ணகிரியத்தான் சார் ரிப்பேர் பண்ணணும்" என்றார். பெரிய சர்வீஸ் சென்டர் ஒன்றில் கேட்டேன். கழுத்துப்பட்டை கட்டிய ஒரு தம்பி பானெட்டைத் திறக்காமலேயே கம்ப்ரஸரை முழுசாக மாற்ற வேண்டும், பாகம் வர மூன்று வாரம் ஆகும் என்றார். மூன்று வாரத்தில் என் மகள் எந்த மாதத்தில் இருப்பாள் என்று அவரிடம் விளக்க எனக்குத் தெம்பில்லை.

புதன்கிழமை லீவு போட்டுவிட்டு, ஆஞ்சப்பனின் பேச்சை நம்பி, மகளை அழைக்கக் கிளம்பினோம். குந்தாரப்பள்ளியில் அன்றைக்கு என்ன கூட்டமோ, ஆடு ஏற்றிய வண்டிகளுக்கு நடுவில் கார் நத்தையாய் ஊர்ந்தது. சரியாக அங்கேயே ஏசி நின்றது. ஜன்னலை இறக்கினால் ஆடு தலையை உள்ளே விடுகிறது. ஏற்றினால் மூச்சு முட்டுகிறது. காளியம்மாள் ஆட்டின் நெற்றியை ஒரு கையால் தள்ளிக்கொண்டே சொன்னாள்: "ஏங்க, இந்த ஏசி ஓசூர்க்காரங்களுக்கு மட்டுந்தான் வேலை பாக்கும்போல. எல்லை தாண்டுனா நின்னுக்கிடுது. பேசாம ஒரு வாடகைக் காரு புடிச்சுட்டுப் போயிருவோமா?"

பெற்ற மகளை முதல் பிரசவத்துக்கு வாடகைக் காரில் அழைத்துவந்தான் என்று பாரூரில் பேச வைக்கவா? திரும்பினோம். திரும்பும் வழியில் சூளகிரியில் என்ன நடந்தது என்று நான் எழுதத் தேவையில்லை. அவள் போர்த்திக்கொள்ளக்கூட இல்லை. என்னை ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான்.

அன்றைக்குத்தான் நானே இறங்குவது என்று முடிவு செய்தேன். நான் எம்.எஸ்ஸி. இயற்பியல். இருபத்தாறு வருடமாகத் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறேன். ஒரு தலைமுடியின் பாதி கனம் கூடினாலும் குறைந்தாலும் பாகத்தைத் திருப்பி அனுப்புகிற வேலை. மூன்று நாள் படித்தேன். நோய் என்னவென்று எனக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது. உங்களுக்கும் புரியும்படி சொல்கிறேன். ஏசி கம்ப்ரஸரின் முகப்பில் ஒரு சக்கரம் இருக்கிறது. எஞ்சின் ஓடும்போது பெல்ட்டோடு சேர்ந்து அது சும்மா சுற்றிக்கொண்டே இருக்கும். அதற்கு முன்னால் ஒரு தட்டு. நாம் ஏசியைப் போட்டதும் உள்ளே இருக்கிற மின்காந்தம் அந்தத் தட்டை "டக்" என்று இழுத்துச் சக்கரத்தோடு ஒட்டவைக்கும். ஒட்டினால்தான் கம்ப்ரஸர் சுற்றும், குளிர் வரும். இதற்குப் பெயர் கிளட்ச். தட்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவே அரை மில்லிமீட்டர் இடைவெளிதான் இருக்க வேண்டும். பதினொரு வருடம் தேய்ந்தால் இடைவெளி கூடிப்போகும். எஞ்சினும் ஊரும் சேர்ந்து சூடானால் காந்தத்தின் பலம் குறையும். குறைந்த பலத்தால் தூரத்தில் இருக்கிற தட்டை இழுக்க முடியாது. ஓசூரில் இழுக்கும், கிருஷ்ணகிரியில் இழுக்காது. இவ்வளவுதான் விஷயம். தட்டுக்குப் பின்னால் காகிதம்போல மெல்லிய வாஷர்கள் மூன்று இருக்கும், அதில் ஒன்றை எடுத்துவிட்டால் தட்டு உள்ளே தள்ளி நெருங்கிவிடும். கம்ப்ரஸரை மாற்ற வேண்டாம். ஏசியின் கேஸை வெளியேற்ற வேண்டாம். இதைக் கண்டுபிடித்தபோது எனக்கு ஏற்பட்ட அதிர்ச்சி சாதாரணமானதல்ல. ஒரு வாரமாக ஒரு குடும்பத்தை ஆட்டிவைத்தது ஒரு வாஷர்.

சனிக்கிழமை எங்கள் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில் முன்சக்கரத்தைக் கழற்றினேன். காவலாளி கோவிந்தப்பன் ஓடிவந்து, "சார், சக்கரத்த எவனோ கழட்டிகினு போயிட்டான் சார்" என்று எனக்கே சேதி சொன்னார். நான் காருக்கு அடியிலிருந்து குரல் கொடுத்ததும் பயந்துபோய் விசில் ஊதிவிட்டார். பேட்டரி இணைப்பைக் கழற்றி, மல்லாந்து படுத்து, கழுத்து பிடித்துக்கொள்ள, தட்டின் நடு போல்ட்டைக் கழற்றினேன். தட்டு வந்தது. வாஷர் மூன்றும் நான் படித்த மாதிரியே இருந்தன. ஒன்றை எடுத்தேன். திருப்பி மாட்டினேன். பீலர் கேஜ் என்று ஒன்று உண்டு, கைவிசிறிபோல விரிகிற மெல்லிய எஃகுத் தகடுகள், ஒவ்வொன்றிலும் கனம் பொறித்திருக்கும். அரை மில்லி தகட்டை இடைவெளியில் நுழைத்தேன். இறுக்கமாகப் போயிற்று, இறுக்கமாக வந்தது. மூன்று இடத்தில் பார்த்தேன். மூன்றும் ஒன்றுபோல். காளியம்மாள் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றாள். வாழ்க்கையில் முதல்முறையாக அவள் முகத்தில் என்னைப் பற்றிய மரியாதையைப் பார்த்தேன், அல்லது டார்ச் வெளிச்சம் அப்படிக் காட்டியது.

ஞாயிற்றுக்கிழமை. கடைசி நாள். மதியம் பன்னிரண்டு மணிக்குள் பாரூர் வந்து, சாப்பிட்டு, மூன்று மணிக்கு மகளோடு கிளம்பிவிடுவது திட்டம். சூளகிரி தாண்டியது, ஏசி நிற்கவில்லை. குந்தாரப்பள்ளி தாண்டியது, நிற்கவில்லை. கிருஷ்ணகிரி மேம்பாலத்தில் நான் பாட்டு முணுமுணுத்தேன் என்று காளியம்மாள் இன்றைக்கும் குத்திக்காட்டுகிறாள். காவேரிப்பட்டணம் கடைவீதியில் நின்றது.

உங்கள் வாசலில் மறுபடியும் அதே கோலத்தில் இறங்கினோம். இந்த முறை நீங்கள் எதுவும் கேட்கவில்லை. அதுதான் அதிகமாகச் சுட்டது. சொம்பில் மோர் கொடுத்துவிட்டு, "கழட்டுங்க, பாக்கலாம்" என்றீர்கள். உங்கள் களத்தில், வேப்பமர நிழலில், உங்கள் ஊர்ச் சனத்தின் முன்னால் நான் மறுபடியும் மல்லாந்து படுத்தேன். தட்டு இடைவெளி சரியாக இருக்கிறது, அரை மில்லி, நானே அளந்தேன், ஆகவே கோளாறு வேறு எங்கோ இருக்கிறது என்று கீழே கிடந்தபடி விளக்கிக்கொண்டிருந்தேன். நீங்கள் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து என் டூல்ஸ் பெட்டியைக் கிளறினீர்கள்.

"எந்தத் தகடு வெச்சுப் பாத்தீங்க?"

"அரை மில்லி."

நீங்கள் அந்தத் தகட்டைத் தனியே பிரித்து, வெயிலுக்குக் காட்டி, கட்டைவிரல் நகத்தால் ஒரு சுரண்டு சுரண்டினீர்கள். ஏதோ பொரிந்து விழுந்தது. சிவப்பாக ஒன்று, மஞ்சளாக ஒன்று.

"சம்பந்தி, இது அர மில்லி இல்லீங்க. இது அர மில்லி, ஒரு சந்தனம், ஒரு குங்குமம்."

ஆயுத பூஜைக்கு வீட்டில் இருக்கிற எல்லாக் கருவிக்கும் பொட்டு வைப்போம். சுத்தியல், ஸ்பேனர், அரிவாள்மனை, தையல் மெஷின். பீலர் கேஜையும் விரித்து வைத்து, தகடு தகடாக நானேதான் எண்ணெயில் குழைத்த சந்தனமும் குங்குமமும் வைத்தேன். ஐப்பசி வந்து, கார்த்திகை வந்து, எட்டு மாதத்தில் அது வார்னிஷ் மாதிரி இறுகிவிட்டிருந்தது. சனிக்கிழமை டார்ச் பிடித்துக்கொண்டு காளியம்மாள் சொன்னதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது: "பாத்து எடுங்க, பொட்டு இருக்கு, அழிச்சுப்புடாதீங்க." நான் அழிக்காமல் பயபக்தியோடு நுழைத்தேன். தகட்டின் கனத்தோடு தெய்வத்தின் கனமும் சேர்ந்து இடைவெளி முக்கால் மில்லியில் நின்றுவிட்டது. எங்கள் தொழிற்சாலைச் சுவரில், "அளவியைத் துடை, பிறகு அள" என்று ஒரு பலகை இருக்கிறது. அந்த வாசகத்தை எழுதிக்கொடுத்தவன் நான். துடைக்காமல் அளந்ததற்காக எத்தனையோ பேருக்கு மெமோ கொடுத்தவனும் நான்.

அந்த இடத்தில் ஒரு மனிதர் என்ன செய்திருக்க வேண்டும்? தகட்டைத் துடைத்து என் கையில் கொடுத்திருக்க வேண்டும். நீங்கள் அதை மடக்கிப் பெட்டியில் போட்டுவிட்டு வீட்டுக்குள் பார்த்துக் குரல் கொடுத்தீர்கள்.

"வெங்கடம்மா, அந்தக் கல்யாணப் பத்திரிகை மிச்சம் இருக்குதில்ல, ஒண்ணு எடுத்துகினு வா."

சம்பந்தி, உங்கள் பழைய டிராக்டருக்கு நீங்கள் எந்த அட்டையை வைத்து இடைவெளி பார்ப்பீர்களோ, அதைப் பற்றி எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அது நம் பிள்ளைகளின் கல்யாணப் பத்திரிகை. இரண்டு வருடமாக நான் பேசாமல் விழுங்கிவைத்திருக்கிற பத்திரிகை. அதில் உங்கள் பெயருக்குப் பின்னால் "நிலக்கிழார், பாரூர்" என்று அச்சடித்தீர்கள். உங்கள் தம்பிக்கு "மாங்கூழ் ஏற்றுமதி" என்று அச்சடித்தீர்கள். எனக்கு எம்.எஸ்ஸி. இல்லை. தரக்கட்டுப்பாட்டு மேலாளர் இல்லை. "கம்பெனி வேலை, ஓசூர்." ஓசூரில் கம்பெனி வேலை பார்க்காதவன் யார்? பேருந்து நிலையத்தில் நின்று கம்பெனிக்காரரே என்று கூப்பிட்டால் நானூறு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தப் பத்திரிகையை நீங்கள் என் காரின் வயிற்றுக்குள் நுழைத்தீர்கள். நுழைக்கும்போது, "உங்க பேரு இருக்கிற பக்கந்தான் உள்ள போவுது" என்று எனக்குத் தகவலும் சொன்னீர்கள்.

பத்திரிகை தொளதொளவென்று போயிற்று. "இன்னொரு வாஷர எடுங்க" என்றீர்கள். எடுத்தேன். இப்போது பத்திரிகை இறுக்கமாகப் போய் இறுக்கமாக வந்தது. போல்ட்டை முடுக்கி, எஞ்சினைச் சூடேற்றி, ஏசியைப் போட்டதும் "டக்" என்று ஒரு சத்தம். எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கைதட்டினார்கள். உங்களுக்குத்தான் தட்டினார்கள்.

சரி, பொறுத்துக்கொண்டேன். மணி அப்போது இரண்டேகால். மகள் வந்தால் போதும் என்று நினைத்தேன். பையெல்லாம் திண்ணையில் தயாராக இருந்தது. அப்போதுதான் நீங்கள் சாவிக்குக் கை நீட்டினீர்கள்.

"புள்ளய ஏத்தறதுக்கு முன்னாடி ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துட்டு வந்துடறேன். பாதி வழியில நின்னா இன்னா பண்றது?"

நியாயமாகத்தான் பட்டது. நீங்கள் முன்னால், பக்கத்தில் வெங்கடம்மாள், பின்னால் பக்கத்து வீட்டு நாராயணம்மாவும் அவர் வீட்டார் மூன்று பேரும். ஐந்து பேர் போகிற காரில் ஆறு பேர். என் மகளுக்காக வைத்த தலையணையை நாராயணம்மா மடியில் வைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். இரண்டரை ஆனது. மூன்று ஆனது. வாசலில் நானும் காளியம்மாளும் ரோட்டைப் பார்த்தபடி நின்றோம். மூன்றரைக்குப் போன் செய்தேன், உங்கள் போன் உள்ளே கட்டிலில் அடித்தது. நான்கு மணிக்கு உங்கள் கறவை மாடு என்னைப் பார்த்துக் கத்தியது, என் கோலம் அதற்கே பொறுக்கவில்லை. நான்கு நாற்பதுக்கு வந்து சேர்ந்தீர்கள். வெங்கடம்மாள் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். கதவைத் திறந்ததும் விழித்து, தெலுங்கில் "சல்லகா உந்தி" என்றார். குளுகுளுவென்று இருக்கிறதாம். இருக்கும். இரண்டரை மணி நேரம் என் ஏசி அல்லவா.

நான் மகளின் பையைத் தூக்கினேன். நீங்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்தீர்கள்.

"அடடா, நாலர தாண்டிடுச்சே. ஞாயித்துக்கெழம ராகு காலம் பொறந்துடுச்சுங்களே."

"ஆறு மணிக்கு முடிந்ததும் கிளம்புகிறோம்" என்றேன்.

"ஆறு மணிக்கு வெளக்கு வெச்சுடுவாங்க. வெளக்கு வெச்சப்புறம் வாயும் வயிறுமா இருக்கறவள யாருங்க படி தாண்டி அனுப்புவாங்க?"

மறுநாள் எட்டாம் மாதம். நான் காளியம்மாளைப் பார்த்தேன். அவள் அழவில்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, "வாங்க, போவோம்" என்றாள். இருபத்தெட்டு வருடத்தில் அவள் என்னிடம் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை. வழி முழுக்க ஏசி அபாரமாக வேலை செய்தது. காவேரிப்பட்டணத்தில் குளிர்ந்தது, கிருஷ்ணகிரியில் குளிர்ந்தது, குந்தாரப்பள்ளியில் குளிர்ந்தது. பின்சீட்டில் அந்தத் தலையணை மட்டும் தனியாகக் குளிர்ந்துகொண்டு வந்தது. வீட்டுக்கு வந்ததும் காளியம்மாள் கிழக்கு அறைக் கதவைச் சாத்தினாள். ஒன்பது நாளாகத் திறக்கவில்லை.

இதோடு விட்டீர்களா? மாப்பிள்ளையின் நண்பர் ஒருவர் எங்கள் தொழிற்சாலையில் இரண்டாவது ஷிப்டில் இருக்கிறாராம். போன செவ்வாய்க்கிழமை நான் உள்ளே போனபோது என் மேசையில் ஒரு பீலர் கேஜும் பக்கத்தில் ஒரு சின்னத் துணியும் மடித்து வைத்திருந்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. அவ்வளவு ஒழுக்கமாக அந்தப் பிரிவு என்றைக்கும் இருந்ததில்லை. இப்போது நான் யாருடைய பாகத்தைத் திருப்பி அனுப்பினாலும், "சார், தொடச்சுட்டுத்தானே பாத்தீங்க?" என்று மிகுந்த மரியாதையோடு கேட்கிறார்கள்.

ஆகவே சம்பந்தி அவர்களே, நடந்தது தற்செயல் என்று நான் நம்பத் தயாராக இல்லை. வேண்டுமென்றே ஊர் சுற்றி, வேண்டுமென்றே ராகு காலத்தைப் பிறக்கவைத்து, ஒரு தாயிடமிருந்து மகளைப் பிரித்து வைத்தீர்கள். ஒன்பதாம் மாதம் பிறந்ததும் வினிதாவை எங்களோடு அனுப்புவதாக இந்தக் கடிதத்துக்கு எழுத்தில் பதில் வேண்டும். கிரீஸ் பட்ட அந்தப் பத்திரிகையையும் உடன் வைத்து அனுப்பவும். அதை உங்கள் வீட்டில் யாரும் எடுத்துக் காட்டிக்கொண்டிருக்க வேண்டாம்.

வெங்கடம்மாள் அவர்களுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும், தூக்கத்தில் இல்லாதபோது. மாப்பிள்ளைக்கு ஆசி. பருவமழை தவறாமல் பெய்து பாரூர் ஏரி நிறையட்டும், தங்கள் தோப்பில் காய் காய்க்கட்டும். மனசு எப்படி இருந்தாலும் வாழ்த்துவதில் நான் குறை வைப்பதில்லை.

இப்படிக்கு,

பி.கு.: மேலே பெயர் எழுதுவதற்குள் வினிதாவிடமிருந்து போன். அதனால் கீழே வருவதையும் படிக்கவும்.

"அப்பா, மாமாகிட்ட இன்னும் பேசலையா நீங்க?"

பேசமாட்டேன், எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றேன்.

"எழுதாதீங்கப்பா. அன்னிக்கு ரவுண்டு போகச் சொன்னது நான்தான். நாலரை தாண்டி வாங்கன்னு சொன்னதும் நான்தான். அவரு பாவம், போக எடமில்லாம அந்த ஏரிக்கரையையே மூணு சுத்து சுத்தியிருக்காரு."

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். எதற்கு என்று கேட்டேனா என்பதுகூட நினைவில்லை.

"அம்மா அந்த ரூம் போட்டோ அனுப்பியிருந்தாங்க. சுவத்துல பெருசா சார்ட் ஒட்டி வெச்சிருக்கீங்க. காலைல எடை, ராத்திரி எடை, எத்தனை டம்ளர் தண்ணி, எத்தனை அடி நடை, மேல் எல்லை, கீழ் எல்லை, செவப்புக் கோடு. கீழ உங்க கையெழுத்துக்கு எடம். நான் என்ன உங்க கம்பெனி பார்ட்டாப்பா? கோட்டுக்கு வெளிய போனா திருப்பி அனுப்பிருவீங்களா?"

உன் நல்லதுக்குத்தானே அம்மா என்றேன்.

"தெரியும்ப்பா. ஆனா இங்க அத்தை சாப்ட்டியான்னு கேக்கறாங்க. சாப்ட்டேன்னா விட்டுடறாங்க." பிறகு குரலைக் குறைத்துச் சொன்னாள். "உங்ககிட்ட நேரா சொல்ல பயமா இருந்துச்சு. மாமாகிட்டதான் சொன்னேன். 'கெட்ட பேரு எனக்கு வரட்டும், உங்கப்பன் மனசு நோவக் கூடாது'ன்னாரு. ஒம்பதாம் மாசம் மொத வெள்ளிக்கிழமை வரேன். சார்ட்டை மட்டும் எடுத்துடுங்க. நம்ம வண்டியே கொண்டாங்க."

ஒன்பது நாள் நீங்கள் ஒரு வார்த்தைகூட என் மகளைக் காட்டிக்கொடுக்கவில்லை. நான் அவளை இருபத்தைந்து வருடம் வளர்த்தேன், என்னிடம் சொல்லப் பயந்தாள். உங்களிடம் வந்து இரண்டு வருடம், பயப்படவில்லை. இந்த இரண்டு அளவையும் பக்கத்தில் வைத்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கருவியைத் துடைத்துவிட்டுத்தான் பார்த்தேன்.

காளியம்மாளிடம் சொன்னேன். அவள் கிழக்கு அறைக் கதவைத் திறந்தாள். சார்ட்டை நானே கிழித்தேன், பசையோடு சுவரின் சுண்ணாம்பும் கொஞ்சம் வந்துவிட்டது. பிறகு இந்தக் கடிதத்தில் எதையெல்லாம் அடிப்பது என்று பேனாவோடு உட்கார்ந்தேன். அடித்துக்கொண்டே வந்தால் உங்கள் கறவை மாடுகளை நலம் விசாரித்த வரி மட்டும்தான் மிஞ்சும்போல் இருக்கிறது. முழுவதையும் கிழித்துப்போடவும் மனம் வரவில்லை. பத்திரிகையில் எம்.எஸ்ஸி. விட்டுப்போனது உண்மைதானே. ஒருவர் அதை உங்களுக்கு எழுதித்தான் ஆக வேண்டும்.

எனவே கையெழுத்துப் போடாமல் தபாலில் சேர்த்துவிடுவது என்று முடிவு செய்திருக்கிறேன். யார் எழுதினார் என்று தெரியாத கடிதத்துக்கு நீங்கள் பதில் எழுதத் தேவையில்லை. ஒன்பதாம் மாதம் முதல் வெள்ளிக்கிழமை நேரில் பார்க்கும்போதும் என்னிடம் இதைப் பற்றிக் கேட்க வேண்டாம். எனக்கு ஒன்றும் தெரியாது.